மலைப்பயணத்துக்கு முன் பிரேக் காலிப்பரைப் பாருங்கள்

(கோடை விடுமுறையை முன்னிட்டு நம் அறக்கட்டளை அரங்கில் மஃரிப் தொழுகைக்குப் பின் நடந்த குடும்பக் கூட்டத்தில் அறக்கட்டளைச் செயலாளர் ஆற்றிய உரை)





இந்த அரங்கில் வழக்கமாகக் கல்வி உதவியைப் பற்றியும் மருத்துவ உதவியைப் பற்றியும் பேசுவோம். இன்று ஒரு இரும்புச் சாமானைப் பற்றிப் பேசப் போகிறேன். அதன் பெயர் பிரேக் காலிப்பர். செயலாளருக்கு இதில் என்ன வேலை என்று சிலர் நினைக்கலாம். காரணம் இருக்கிறது. நம் தெருக்களில் பத்து ஆண்டுகளுக்கு முன் விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான் கார் இருந்தது. இன்று பல வீட்டு வாசலில் ஒரு பிரெஸ்ஸாவோ, வென்யூவோ, நெக்ஸானோ, மேக்னைட்டோ நிற்கிறது. சிலர் பழைய ஈக்கோஸ்போர்ட் வாங்கியிருக்கிறார்கள். 4 மீட்டருக்குள் அடங்கும் நீளம், உயரமான உடல், அத்தா, அம்மா, பிள்ளைகள், சாமான் எல்லாம் ஏறிக்கொள்ளும் வசதி. அல்ஹம்துலில்லாஹ், நல்ல வண்டிகள்தாம்.

ஆனால் அந்த வண்டி எப்படி ஓடுகிறது என்று யோசியுங்கள். வீட்டுக்காரர் துபாயிலோ ரியாதிலோ இருக்கிறார். வண்டி பத்து மாதம் வாசலில் உறை போட்டு நிற்கிறது. சபராளி லீவில் வருகிறார். வந்த வாரமே குடும்பத்தோடு ஏற்காடு, அடுத்த வாரம் கொல்லிமலை. வண்டியைக் கழுவுகிறோம், பெட்ரோல் போடுகிறோம், காற்று அடிக்கிறோம். பத்து மாதம் அசையாமல் நின்ற பிரேக்கை யாரும் திறந்து பார்ப்பதில்லை. இன்றைய பேச்சு அந்த ஒரு இடத்தைப் பற்றியதுதான்.

காலிப்பர் என்ன செய்கிறது?

முன் சக்கரத்துக்குள் ஒரு இரும்புத் தட்டு சக்கரத்தோடு சேர்ந்து சுழல்கிறது. அதுதான் டிஸ்க். அந்தத் தட்டை இருபுறமும் கவ்விப் பிடிக்கும் இடுக்கி காலிப்பர். இடுக்கியின் இரண்டு வாயிலும் ஆளுக்கொரு பிரேக் பேடு. பெடலை மிதித்தால் பிரேக் ஆயில் குழாய் வழியாக வந்து காலிப்பருக்குள் இருக்கும் பிஸ்டனைத் தள்ளும். பிஸ்டன் உள்பக்கப் பேடைத் தட்டின்மீது அழுத்தும்.

வெளிப்பக்கப் பேடை யார் அழுத்துவது? நம் வண்டிகளில் பெரும்பாலும் உள்பக்கம் மட்டும்தான் பிஸ்டன் இருக்கும். உள்பேடு தட்டில் முட்டியதும் காலிப்பரின் உடம்பே இரண்டு பின்களின் மீது சறுக்கி நகர்ந்து வெளிப்பேடை இழுத்து அழுத்தும். விரல் தடிமன் உள்ள இரண்டு பின்கள்தாம். அவை வழவழவென்று சறுக்கினால் இரு பேடும் சமமாகப் பிடிக்கும். துருப்பிடித்து ஜாம் ஆனால் ஒரு பக்கம் மட்டும் தேயும்.

பெடலை விட்டதும் பிஸ்டனைப் பின்னே இழுக்க ஸ்பிரிங் எதுவும் கிடையாது. பிஸ்டனைச் சுற்றிச் சதுர வெட்டுள்ள ரப்பர் வளையம் ஒன்று இருக்கிறது. பிஸ்டன் முன்னே போகும்போது அது முறுக்கிக்கொள்ளும். அழுத்தம் போனதும் பழைய நிலைக்குத் திரும்பி, பிஸ்டனையும் மயிரிழை அளவு பின்னே இழுத்துவிடும். ரப்பர் கெட்டியானாலோ பிஸ்டனில் துரு ஏறினாலோ அந்த மயிரிழை இடைவெளி கிடைக்காது. பேடு தட்டை உரசிக்கொண்டே ஓடும்.

இங்கிலாந்தில் ஃபிரடெரிக் லான்செஸ்டர் 1902இலேயே டிஸ்க் பிரேக்குக்குக் காப்புரிமை வாங்கிவிட்டார். அவர் வைத்த செம்புப் பேடுகளை அந்தக் காலத்துப் புழுதிச் சாலை சீக்கிரம் தின்றுவிட்டது. பிறகு 1953இல் பிரான்சின் லெ மான் பந்தயத்தில் ஜாகுவார் கார் டிஸ்க் பிரேக்கோடு ஓடி வென்றபோதுதான் உலகம் அதைத் திரும்பிப் பார்த்தது. நம் நாட்டில் சென்னைப் பாடியில் 1962இல் டி.வி.எஸ். குழுமமும் இங்கிலாந்தின் லூகாஸ் நிறுவனமும் சேர்ந்து பிரேக்ஸ் இந்தியா தொழிற்சாலையைத் தொடங்கின. நம் மாநிலத்திலேயே தயாராகும் பொருள் இது. புழுதி அன்றும் பகை, இன்றும் பகை. களிமண் லாரியும் கரும்பு டிராக்டரும் ஓடுகிற நம் ஊர்ச் சாலையில் சொல்லவே வேண்டாம். மழைக்காலத்தில் அந்தப் புழுதி சேறாகிப் பின்னின் ரப்பர் உறையில் போய் ஒட்டிக்கொள்கிறது.

சூடு எவ்வளவு?

ஒரு கணக்குச் சொல்கிறேன். ஆட்களோடு சேர்த்து 1,500 கிலோ எடையுள்ள வண்டி 80 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. அதை நிறுத்தும்போது பிரேக்கில் பிறக்கும் வெப்பம் ஒன்றேகால் லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதும். இது ஒரே ஒரு தடவை நிறுத்துவதற்கு. ஏற்காட்டிலிருந்து சேலத்துக்கு ஏறத்தாழ 1,200 மீட்டர் இறக்கம். அதே வண்டியை முழுக்கப் பிரேக்கிலேயே இறக்கினால், 60 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கும் வெப்பம் அந்த நான்கு சக்கரங்களில் இறங்கும். கல்யாணத்துக்கு பிரியாணி தேக்சா அடுப்பில் ஏறுவதைப் பார்த்திருப்பீர்கள். அப்படி ஒரு தேக்சாத் தண்ணீர் கொதிக்கும் சூடு. அதனால்தான் மலை இறங்கும்போது செகண்ட் கியரிலோ பர்ஸ்ட் கியரிலோ இறங்கி, எஞ்சினும் பாதிச் சுமையைப் பிடிக்கும்படி ஓட்டச் சொல்கிறோம்.

இந்தச் சூட்டில் பிரேக் ஆயில் என்ன ஆகும்? இதை நம் ஊர்க்காரர்களுக்கு விளக்குவது எளிது. நம்மில் பலர் செராமிக் சூளையில் வேலை பார்த்தவர்கள், அல்லது பார்த்தவர்களின் பிள்ளைகள். சரியாகக் காயாத பொம்மையைச் சூளையில் வைத்தால் என்ன ஆகும்? உள்ளே இருக்கும் ஈரம் ஆவியாகி, பொம்மை வெடித்துப் போகும். பிரேக் ஆயிலிலும் அதே கதைதான். அந்த ஆயிலின் இயல்பு, காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொள்வது. புதிய டாட் 3 ஆயில் 205 டிகிரி வரை கொதிக்காது. டாட் 4 ஆயில் 230 டிகிரி வரை தாங்கும். ஈரம் சேர்ந்துவிட்டால் அதே ஆயில் முறையே 140, 155 டிகிரியிலேயே கொதிக்கலாம் என்று தர விதியே சொல்கிறது. கொதித்தால் குழாய்க்குள் ஆவிக் குமிழ் உண்டாகும். ஆவி அமுங்கும், ஆயில் அமுங்காது. அப்போது பெடல் பஞ்சில் மிதித்ததுபோல் தரைக்குப் போகும், வண்டி நிற்காது. பத்து மாதம் நின்ற வண்டியில் ஓடாததால் ஆயில் புதிதாகவே இருக்கும் என்று நினைக்க வேண்டாம். ஆயிலுக்குக் கிலோமீட்டர் தெரியாது, காலம் மட்டும்தான் தெரியும்.

இன்னொன்று. பெட்ரோல் மிச்சம் பிடிக்க மலை இறக்கத்தில் நியூட்ரலில் விடுவது, எஞ்சினை அணைப்பது என்று சில இளைஞர்கள் செய்கிறார்கள். பிரேக்குக்குத் துணைபுரியும் பூஸ்டர் எஞ்சின் ஓடும்போதுதான் வேலை செய்யும். அணைத்தபின் இரண்டு மூன்று மிதிக்குத்தான் அதில் உயிர் இருக்கும். பிறகு பெடல் கல்லாகிவிடும். கொல்லிமலையில் 70 கொண்டை ஊசி வளைவு. ஒரு லிட்டர் பெட்ரோலுக்காக இந்த விளையாட்டு வேண்டாம்.

வீட்டிலேயே பார்க்கக்கூடியவை

ஸ்பேனர் பிடிக்கத் தெரியாதவர்களும் பார்க்கக்கூடியவை நிறைய உண்டு. வண்டியில் உட்கார்ந்து போகும் தாய்மார்களும் இதைக் கவனிக்கலாம். ஓட்டுபவர் காதில் விழாத சத்தம் பக்கத்தில் இருப்பவர் காதில் விழும்.

முதலாவது சத்தம். பிரேக் பிடிக்கும்போது கீச்சென்ற ஓசை விடாமல் வந்தால், பேடு தேய்ந்துவிட்டது என்று எச்சரிக்கவே வைத்திருக்கும் சின்னத் தகடு தட்டில் உரசுகிறது என்று பொருள். கரகரவென்று இரும்போடு இரும்பு உரசும் சத்தம் வந்தால் எச்சரிக்கை காலம் முடிந்துவிட்டது. அன்றே வண்டியை நிறுத்த வேண்டும்.

இரண்டாவது இழுப்பு. நேர் சாலையில் பிரேக் பிடிக்காதபோதே வண்டி ஒரு பக்கம் இழுத்தால், அந்தப் பக்கக் காலிப்பர் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கலாம். பிரேக் பிடிக்கும்போது மட்டும் ஒரு பக்கம் இழுத்தால், எதிர்ப்பக்கக் காலிப்பர் வேலை செய்யாமல் இருக்கலாம். டயர் காற்று குறைவாலும் இழுக்கும். ஆகவே முதலில் காற்றைப் பாருங்கள்.

மூன்றாவது சூடும் வாசனையும். பத்துப் பதினைந்து கிலோமீட்டர் அதிகம் பிரேக் பிடிக்காமல் ஓட்டிவிட்டு நிறுத்துங்கள். கையைச் சக்கரத்துக்கு அருகே கொண்டுபோய்ப் பாருங்கள். டிஸ்கைத் தொடவே கூடாது, தோல் வெந்துவிடும். இடது முன்சக்கரத்துக்கும் வலது முன்சக்கரத்துக்கும் சூட்டில் பெரிய வித்தியாசம் இருந்தால் ஒரு காலிப்பர் ஜாம் ஆகியிருக்கிறது. கருகல் வாசனை வந்தாலும் அப்படியே.

நான்காவது ஆயில் டப்பா. பானெட்டைத் திறந்தால் பிரேக் ஆயில் டப்பாவில் குறைந்த அளவு, கூடிய அளவு என இரண்டு கோடு இருக்கும். பேடு தேயத் தேய ஆயில் மெல்ல இறங்குவது இயல்பு. ஒரே வாரத்தில் இறங்கினால் கசிவு. சக்கரத்தின் உள்பக்கம், டயரின் பின்பக்கம் ஈரம் தெரிகிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். குறைந்ததே என்று காரணம் பார்க்காமல் ஊற்றிக்கொண்டே போனால் கசிவு மறைந்து போகும்.

ஐந்தாவது பேடின் தடிமன். அலாய் வீல் இடைவெளி வழியாக டார்ச் அடித்தால் வெளிப்பேடு தெரியும். புதுப் பேடில் உராயும் பகுதி ஏறத்தாழ 10 மில்லிமீட்டர் இருக்கும். 3 மில்லிமீட்டருக்கு வந்தால் மாற்ற ஏற்பாடு செய்யுங்கள். ஆனால் வெளிப்பேடை மட்டும் பார்த்து நிம்மதி அடைய வேண்டாம். பின் ஜாம் ஆன வண்டியில் வெளிப்பேடு தடிமனாக இருக்க, கண்ணுக்குத் தெரியாத உள்பேடு தகடு வரை தேய்ந்திருக்கும். சக்கரத்தைக் கழற்றாமல் அது தெரியாது.

ஏ.பி.எஸ். இருக்கிறதே என்று சிலர் சொல்வார்கள். நம் நாட்டில் 2019 ஏப்ரல் முதல் எல்லாப் புதிய கார்களுக்கும் அது கட்டாயம். அது சக்கரம் பூட்டிக்கொண்டு சறுக்காமல் காக்கும். துருப்பிடித்த பின்னை அசைக்க அதற்கு வழியில்லை.

நம் அறக்கட்டளை வண்டியில் நடந்தது

டயாலிசிஸ் நோயாளிகளையும் புதுச்சேரி ஜிப்மருக்குப் போகிறவர்களையும் அழைத்துச் செல்லும் நம் வண்டியை எல்லோரும் அறிவீர்கள். சென்ற ஆண்டு கடலூரிலிருந்து திரும்பும் வழியில் கருகல் வாசனை வந்தது. ஓட்டுநர் தம்பி விவரமானவர். ஓரமாக நிறுத்தி, ஆறவிட்டு, மெதுவாக ஓட்டி வந்தார். இடது முன்சக்கரம் கொதித்தது. ஒரு பட்டறையில் காட்டினோம். சக்கரத்தைக் கழற்றாமலேயே இரண்டு காலிப்பர், இரண்டு டிஸ்க், பேடு எல்லாம் மாற்ற வேண்டும் என்று பெரிய தொகைக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார்கள். அது ஜமாஅத்தின் பணம். ஒரு மாணவரின் ஒரு வருட கல்லூரிக் கட்டணத்துக்கு நெருங்கிய தொகை.

கழற்றிக் காட்டச் சொல்லி இன்னொரு மெக்கானிக்கிடம் போனோம். கழற்றினார். கீழ்ப்பின்னின் ரப்பர் உறை கிழிந்து, உள்ளே தண்ணீர் போய், பின் துருவில் இறுகியிருந்தது. பிஸ்டன் கண்ணாடிபோல் சுத்தம். டிஸ்கை அளந்து பார்த்தார், குறைந்தபட்ச அளவுக்கு மேலேயே இருந்தது. இரண்டு பின், ரப்பர் உறை, ஒரு செட் பேடு, புது ஆயில். வேலை அன்று மாலையே முடிந்தது. வண்டி இன்றும் ஓடுகிறது.

இதைச் சொல்வது யாரையும் குறைசொல்ல அல்ல. இதற்கு எதிரான சிக்கலும் உண்டு. உண்மையிலேயே மாற்ற வேண்டிய காலிப்பரைக் கிரீஸ் தடவி ஓட்டச் சொல்லும் பட்டறையும் இருக்கிறது, அப்படிக் கேட்டு வாங்கும் வண்டிக்காரரும் இருக்கிறார். ஆகவே எது சர்வீஸ், எது மாற்றம் என்று நமக்கே ஒரு தெளிவு வேண்டும்.

சர்வீஸ் என்றால் என்ன நடக்க வேண்டும்?

சமதரையில் வண்டியை நிறுத்தி, பின்சக்கரத்துக்குக் கட்டை கொடுக்க வேண்டும். வீல் நட்டை வண்டி தரையில் இருக்கும்போதே தளர்த்த வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி வேலை செய்யக் கூடாது, ஸ்டாண்டு வைக்க வேண்டும். கீழ் போல்ட்டைக் கழற்றிக் காலிப்பரை மேலே தூக்கலாம், அல்லது இரண்டையும் கழற்றலாம். கழற்றிய காலிப்பரை ரப்பர் ஹோஸில் தொங்கவிடக் கூடாது. உள்ளே ஹோஸ் பிய்ந்தால் வெளியே தெரியாது. ஒரு கம்பியால் ஸ்பிரிங்கில் கட்டித் தொங்கவிட வேண்டும்.

தூசியைக் காற்றடித்து ஊதக் கூடாது. பழைய பேடுகளில் கல்நார் கலந்திருந்தது. அதன் தூசி நுரையீரலுக்குச் செய்யும் கேடு சிறிதல்ல. செராமிக் தூசியைச் சுவாசித்து இருமும் பெரியவர்களைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். பிரேக் கிளீனர் தெளித்து, ஈரத்துணியால் துடைப்பதே சரி.

பின்களை உருவி, துருவைத் துடைத்து, வளைவு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சில வண்டிகளில் இரண்டு பின்னில் ஒன்றுக்கு மட்டும் நுனியில் ரப்பர் இருக்கும். மேலே இருந்தது மேலே, கீழே இருந்தது கீழேதான் போக வேண்டும். பிரேக்குக்கென்றே விற்கும் சிலிக்கான் கிரீஸ் மட்டும் தடவ வேண்டும். வீல் பேரிங் கிரீஸ், எஞ்சின் ஆயில் எதுவும் கூடாது. பெட்ரோலிய எண்ணெய் பட்டால் பிரேக் ரப்பர் ஊதிப்போகும். கிழிந்த உறையைத் திரும்ப மாட்டுவது பயனற்ற வேலை. பேடு உட்காரும் இடத்துத் துருவைக் கம்பிப் பிரஷ்ஷால் எடுத்து, கிளிப்புகளை மாற்ற வேண்டும். பேடு கையாலேயே நகர வேண்டும்.

தேய்ந்த பேடே கதை சொல்லும். உள்பேடு மட்டும் அதிகம் தேய்ந்திருந்தால் பின்னோ பிஸ்டனோ இறுகியிருக்கிறது. வெளிப்பேடு அதிகம் தேய்ந்திருந்தால் காலிப்பர் பின்னே திரும்பாமல் நிற்கிறது. ஆப்பு மாதிரி ஒரு முனை மட்டும் தேய்ந்திருந்தால் இரண்டு பின்னில் ஒன்று ஜாம். பழைய பேடைக் குப்பையில் போடும் முன் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

புதுப் பேடுக்கு இடம் விடப் பிஸ்டனை உள்ளே தள்ள வேண்டும். சி-கிளாம்ப் வைத்து மெதுவாகத் தள்ளலாம். அப்போது ஆயில் டப்பாவில் ஏறி வரும், வழிந்தால் பெயின்ட் போகும். உடனே தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும். பின்சக்கரத்திலும் டிஸ்க் உள்ள வண்டி என்றால் எச்சரிக்கை. ஹேண்ட் பிரேக் அதே காலிப்பரில் சேர்ந்திருந்தால் பிஸ்டனைத் திருகித்தான் உள்ளே அனுப்ப வேண்டும். பட்டன் ஹேண்ட் பிரேக் என்றால் கணினியில் சர்வீஸ் நிலைக்குக் கொண்டுவந்த பிறகே தொட வேண்டும். நம் வண்டிகளில் பெரும்பாலானவற்றுக்குப் பின்னால் டிரம் பிரேக்தான். அதையும் கழற்றித் தூசி எடுக்கச் சொல்லுங்கள்.

எல்லாம் மாட்டி முடித்ததும், வண்டியை நகர்த்தும் முன் பெடலைப் பல தடவை மிதித்துக் கெட்டியாக்க வேண்டும். இதை மறந்துவிட்டு வண்டியை எடுத்தால் முதல் மிதியில் பெடல் தரைக்குப் போகும். பட்டறை வாசலிலேயே விபத்து நடப்பது இப்படித்தான். பிறகு ஆளில்லாத சாலையில் மெதுவாக ஓட்டிச் சோதிக்க வேண்டும். புதுப் பேடு தட்டோடு பழக முதல் இருநூறு கிலோமீட்டர் நிதானமாகப் பிடித்து ஓட்ட வேண்டும். புதுப் பேடு போட்ட மறுநாளே மலை ஏற வேண்டாம்.

எப்போது மாற்றியே ஆக வேண்டும்?

பிஸ்டனைச் சுற்றி ஆயில் கசிந்தால் அந்த வண்டியை ஓட்டக் கூடாது. பிஸ்டனும் உள்சுவரும் வழவழப்பாக இருந்தால் ரப்பர் கிட் மட்டும் மாற்றினால் போதும். பிஸ்டனில் துருவால் குழி விழுந்திருந்தால், உள்சுவரில் கோடு விழுந்திருந்தால், போல்ட் மரை போயிருந்தால், ஏர் எடுக்கும் நிப்பிள் உள்ளே முறிந்திருந்தால், உடம்பில் விரிசல் இருந்தால் காலிப்பரையே மாற்ற வேண்டும். இதில் பேரம் இல்லை. டிஸ்கின் ஓரத்திலோ நடுவிலோ குறைந்தபட்சத் தடிமன் எண் பொறித்திருக்கும். அதற்குக் கீழே போன தட்டையும் மாற்ற வேண்டும். பேடும் டிஸ்கும் எப்போதும் இடது வலது இரண்டுக்கும் சேர்த்தே மாற்ற வேண்டும். ஒரு காலிப்பர் துருவால் போயிருந்தால் அதே வயதுள்ள இன்னொன்றையும் கழற்றிப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

புதிய காலிப்பர் மாட்டும்போது நிப்பிள் மேல்பக்கம் வர வேண்டும். இடது காலிப்பரை வலதில் மாட்டினால் நிப்பிள் கீழே போய்விடும், காற்று மேலே தங்கிவிடும், எத்தனை தடவை ஏர் எடுத்தாலும் பெடல் பஞ்சாகவே இருக்கும். ஹோஸ் போல்ட்டின் இருபுறமும் புது வாஷர் போட வேண்டும். ஏர் எடுக்கும்போது ஒருவர் மிதித்துப் பிடிக்க, மற்றவர் நிப்பிளைத் திறந்து மூடிய பிறகே பெடலை விட வேண்டும். ஆயில் டப்பா காலியாக விடக் கூடாது. ஏ.பி.எஸ். பெட்டிக்குள் காற்று போனால் கணினி இல்லாமல் எடுப்பது சிரமம். வெளியே வந்த ஆயிலைத் திரும்ப ஊற்றக் கூடாது. முத்திரை உடைக்காத டப்பாவைக் கண்முன் திறக்கச் சொல்லுங்கள். டாட் 3ஆ, டாட் 4ஆ என்பது டப்பா மூடியிலேயே எழுதியிருக்கும். டாட் 5 என்பது வேறு சரக்கு, கலக்கக் கூடாது. ஆயிலை 2 ஆண்டுக்கு ஒருமுறை மாற்றிவிடுவது நல்லது.

கடையில் செராமிக் பேடு என்று விற்கிறார்கள். நம் ஊர் செராமிக்கா என்று ஒரு பெரியவர் கேட்டார். சூளையில் சுட்ட பீங்கான் அல்ல. செராமிக் நாரையும் வேறு பொருள்களையும் பிசினில் பிணைத்து அழுத்திச் செய்தது. சத்தம் குறைவு, தூசி குறைவு. நல்லதுதான், கட்டாயம் அல்ல. முக்கியம் என்னவென்றால், எந்தப் பேடானாலும் பில்லோடு வாங்குங்கள். போலிப் பேடு அட்டைப்பெட்டியில் அசலைப் போலவே இருக்கும். சூடு ஏறியபோதுதான் அதன் குணம் தெரியும்.

நிறைவாக

ஒட்டகத்தைக் கட்டாமல் இறைவன்மீது பொறுப்பைச் சுமத்தலாமா என்று கேட்டவருக்கு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தந்த பதிலை நாம் எல்லோரும் மதரஸாவில் படித்திருக்கிறோம். இன்று நம் வாசலில் நிற்கும் வண்டியின் கயிறு அந்தப் பின்னும் பேடும் ஆயிலும்தான். பயண துஆ ஓதிவிட்டுத்தான் வண்டி எடுக்கிறோம். ஓதுவதற்கு முன் டார்ச் எடுத்து ஒரு தடவை குனிந்து பாருங்கள். பின்சீட்டில் உறங்கும் பிள்ளைகள் நமக்கு அமானிதம். எதிரே சைக்கிளில் வரும் யாரோ ஒருவரின் உயிரும் அப்படியே.

பட்டறை வைத்திருக்கும் நம் சகோதரர்களுக்கும் ஒரு வார்த்தை. வண்டிக்காரருக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாது. உங்கள் வாக்கை நம்பித்தான் பணம் கொடுக்கிறார். கழற்றிய பழைய சாமானை அவர் கையில் கொடுத்து, இதனால் மாற்றினேன் என்று காட்டுங்கள். அந்த வருமானத்தில் பரக்கத் இருக்கும்.

விடுமுறை தொடங்கும் முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, மதரஸா மைதானத்தில் வண்டிகளைப் பார்த்துச் சொல்ல ஏற்பாடு செய்கிறோம். நம் ஓட்டுநர் தம்பியும், ஐ.டி.ஐ. முடித்த இரண்டு இளைஞர்களும் இருப்பார்கள். அங்கே பழுது பார்க்க மாட்டார்கள். ஆயில், பேடு, கசிவு, சூடு பார்த்துத் தாளில் எழுதிக் கொடுப்பார்கள். அந்தத் தாளை எடுத்துக்கொண்டு உங்களுக்குப் பழக்கமான பட்டறைக்குப் போங்கள். வெளிநாட்டில் இருக்கும் வீட்டுக்காரர் வருவதற்கு முன்பே, வீட்டிலுள்ள சகோதரிகள் அந்த வண்டியைப் பிள்ளைகளிடம் கொடுத்து அனுப்பலாம். லீவில் வருகிறவருக்கு முதல் வேலையாகச் சட்டகத்துக்கு அடியில் குனிய வேண்டிய அவசியம் இருக்காது. மாதம் இரண்டு தடவை வண்டியை எடுத்து, சில கிலோமீட்டர் ஓட்டிப் பிரேக் பிடித்துவிட்டு நிறுத்தினாலே பாதித் துரு தடுக்கப்படும்.

போய் வாருங்கள், பத்திரமாகத் திரும்பி வாருங்கள். எல்லா முசீபத்துகளிலிருந்தும் அல்லாஹ் நம் குடும்பங்களைக் காப்பானாக. ஆமீன். வஸ்ஸலாம்.